எந்த மாதம் நல்ல மாதம்?

பெரிய நாடு, ஆயிரம் வானிலை. சுற்றுலாவுக்கு ஏற்ற 'சீசன்' எது என்ற கேள்விக்கு, கேரள எல்லையில் தமிழ் பேசும் ஒரு மலைக் கிராமம் சொல்லும் பதில் நாட்காட்டியில் இல்லை.

ஜூலை மாதத்து மூணாறில் குடை இல்லாமல் கடைத்தெருவைக் கடக்க முடியாது. தேயிலைச் சரிவுகள் மேகத்துக்குள் மறைந்து கிடக்கும். அறை எடுத்தவர்கள் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவார்கள். அதே நாளில் மாட்டுப்பட்டி, குண்டளை அணைகளைத் தாண்டி, டாப் ஸ்டேஷனையும் பாம்பாடும் சோலையையும் கடந்து வட்டவடையில் இறங்கினால் காட்சி வேறு. காற்று பலமாக இருக்கும். அவ்வப்போது சாரல் தூவும். ஆனால் படிக்கட்டு வயல்களில் கேரட்டுக்குக் களையெடுப்பவர்கள் வேலையை நிறுத்துவதில்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 45 கி.மீ.

45 கி.மீ.க்குள் இரண்டு பருவங்கள் என்றால், 32.87 லட்சம் சதுர கி.மீ. பரப்புள்ள நாட்டில் எத்தனை? மேகாலயாவின் மௌசின்ராமில் ஆண்டுக்குச் சராசரியாக 11,800 மில்லிமீட்டருக்கு மேல் மழை. லடாக்கின் லேயில் சுமார் 100 மில்லிமீட்டர். ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று வெயில் 51 டிகிரி செல்சியஸைத் தொட்டபோது, இமயமலைக் கணவாய்களில் பனி அகற்றும் இயந்திரங்கள் வேலை செய்துகொண்டிருந்தன. இப்படிப்பட்ட நாட்டில் 'சுற்றிப் பார்க்க நல்ல காலம் எது' என்று கேட்பவர்களுக்குப் பயண நிறுவனங்கள் தயாராக வைத்திருக்கும் பதில், 'அக்டோபர் முதல் மார்ச் வரை' என்பதுதான். டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூருக்கு அது ஓரளவு பொருந்தும். அங்கும் நவம்பரின் புகையையும், டிசம்பர் கடைசியில் ரயில்களை மணிக்கணக்கில் நிறுத்திவைக்கும் மூடுபனியையும் கழித்துவிட வேண்டும். ஆனால் அதே அக்டோபரில்தான் தமிழ்நாட்டில் மழைக்காலம் ஆரம்பிக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதும் இந்த 'நல்ல சீசனில்'தான்.

மலை போடும் வேலி

வட்டவடை இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் தாலுகாவில், 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. கோவிலூர், கொட்டகாம்பூர் ஆகிய ஊர்கள் பக்கத்தில். கிழக்கே எல்லையைத் தாண்டினால் கொடைக்கானல் மலை. நிர்வாகம் கேரளம் என்றாலும் வீட்டில், வயலில், தேநீர்க் கடையில் கேட்கும் மொழி தமிழ். பல தலைமுறைகளுக்கு முன் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது இங்குள்ள விவசாயக் குடும்பங்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

இந்த ஊரின் வானிலைக்குக் காரணம் அதன் மேற்கே நிற்கும் மலைகள். ஜூனில் அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று, 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியைத் தலைமையாகக் கொண்ட மலை வரிசையில் முட்டி மேலேறுகிறது. மேலேறும் காற்று குளிர்கிறது. குளிர்ந்ததும் சுமையை இறக்கிவிடுகிறது. மூணாறுப் பகுதிக்கு ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கிடைப்பது அப்படித்தான். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது காற்றில் மிச்சம் இருப்பது கொஞ்சமே. அந்த மழை மறைவுப் பகுதியில்தான் வட்டவடை, காந்தளூர், மறையூர், கடைசியாகச் சின்னாறு ஆகியவை வரிசையாக இருக்கின்றன. சின்னாறுக் காட்டில் ஆண்டு மழை சுமார் 500 மில்லிமீட்டர்தான். கள்ளியும் முள்ளும் வளரும் அந்த வறண்ட காட்டுக்கும் அட்டை ஊரும் மூணாறுச் சோலைகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை ஒரு பேருந்து சில மணி நேரத்தில் கடந்துவிடும்.

கிழக்குச் சரிவுக்குக் கணிசமான மழையைத் தருவது, தமிழ்நாட்டுக்குத் தருவது போலவே, வடகிழக்குப் பருவமழை. தண்ணீரும் அந்தத் திசையில்தான் ஓடுகிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்று பாம்பாறு (மற்ற இரண்டும் கபினி, பவானி). இந்த மலைகளின் ஓடைகள் பாம்பாற்றில் சேர்ந்து, அமராவதியாகி, உடுமலைப்பேட்டை வயல்களுக்கும் கரூருக்கும் போய்க் காவிரியில் கலக்கின்றன. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் அளித்த இறுதித் தீர்ப்பில் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் 3 டி.எம்.சி. பாம்பாறு படுகைக்கானது. வட்டவடையில் எந்த மாதம் மழை பெய்கிறது என்பது சுற்றுலாப் பயணிக்கு மட்டும் உரிய கவலையல்ல.

மூன்று நாட்காட்டிகள்

பிரச்சினை என்னவென்றால், இந்த ஊரை மூன்று நாட்காட்டிகள் ஆள்கின்றன. மூன்றும் ஒத்துப்போவதில்லை.

முதலாவது, விடுமுறை நாட்காட்டி. இந்தியக் குடும்பங்கள் வானத்தைப் பார்த்துப் பயணம் கிளம்புவதில்லை. பள்ளிக்கூடம் எப்போது மூடுகிறது என்று பார்த்துத்தான் கிளம்புகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டியும் கொடைக்கானலும் திணறுவது அதனால்தான். 2024 மே 7 முதல் இந்த இரு ஊர்களுக்கும் போகும் வாகனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் அன்றாட வாகன எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. அங்கே கதவு குறுகினால் கூட்டம் அடுத்த மலையைத் தேடும். மூணாறும் அதைத் தாண்டியுள்ள வட்டவடையும் அந்த 'அடுத்த மலை'கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரத்தில் மாட்டுப்பட்டிச் சாலையில் வாகனங்கள் நிற்கும் நீளத்தைப் பார்த்தவர்கள், மலையின் அமைதியைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

இரண்டாவது, வயலின் நாட்காட்டி. கேரளத்தின் முக்கியமான காய்கறிக் கிராமங்களில் ஒன்று வட்டவடை. கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பட்டாணி, பூண்டு, அண்மைக் காலமாக ஸ்ட்ராபெரி. காந்தளூர் - வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இங்கே ஆண்டின் பெரிய தேதி ஓணம். கோடை மழையை நம்பி விதைத்து, ஆவணியில் வரும் பண்டிகைச் சந்தைக்குச் சேர்த்துவிட வேண்டும். அந்தச் சில வாரங்களில் கிடைக்கும் விலைதான் ஆண்டுக் கடனை அடைக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. மழை கூடினால் கிழங்கு அழுகும். குறைந்தால் கேரட் பருக்காது. மூணாறில் மண் சரிந்து சாலை அடைபட்டால், நன்றாக விளைந்ததும் வயலிலேயே நிற்கும்.

மூன்றாவது, வானத்தின் நாட்காட்டி. அது மற்ற இரண்டையும் மதிப்பதில்லை. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. 2023-ல் அது ஜூன் 8 அன்று வந்தது. 2025-ல் மே 24 அன்றே வந்துவிட்டது. மே கடைசி வாரத்துக்கு அறை பதிவு செய்தவர்களுக்கு 2025-ல் கிடைத்தது கோடை விடுமுறை அல்ல, மழைக்காலம். இந்திய வானிலை ஆய்வுத் துறையே 2020-ல் பழைய தேதிகளைத் திருத்தியது. பருவமழை நாடு முழுவதும் பரவும் நாள் ஜூலை 15-லிருந்து ஜூலை 8-க்கு முன்னே வந்தது. வடமேற்கிலிருந்து விலகத் தொடங்கும் நாள் செப்டம்பர் 1-லிருந்து 17-க்குப் பின்னே போனது. பாட்டி காலத்து 'ஆடிக் காற்று, ஐப்பசி மழை' கணக்கு முழுவதும் பொய்யாகிவிடவில்லை. ஆனால் தேதி போட்டு நம்பும் நிலையும் இல்லை.

தவறான மாதத்தின் விலை

சீசன் தவறினால் என்ன ஆகிவிடும்? பெரும்பாலும் கொஞ்சம் பணமும் மனமும் வீணாகும். சில நேரங்களில் அதோடு நிற்பதில்லை.

2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து போடிப் பக்கம் குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பின்பனி முடிந்து, புல் ஆளுயரத்துக்குக் காய்ந்து, கோடை மழை இன்னும் வராத மாதம் அது. நகரத்திலிருந்து பார்ப்பவருக்கு மார்ச் என்பது 'மழை இல்லாத நல்ல மாதம்'; மலையில் இருப்பவருக்கு அது தீயின் மாதம். அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது.

மறுமுனையில் ஆகஸ்ட். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறிலிருந்து ராஜமலை வழியாகப் போகும் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் குடியிருப்புகள் மேல் விழுந்தது. காணாமல் போனவர்களையும் சேர்த்து 70 பேர் பலி. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிகழ்ந்த நிலச்சரிவு 250-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இந்த இரண்டிலும் இறந்தவர்களில் அநேகர் சீசனைத் தேர்ந்தெடுத்து வந்தவர்கள் அல்லர். எல்லாச் சீசனிலும் அங்கேயே வாழ வேண்டியவர்கள்.

வடக்கிலும் இதே கதை. 2013-ல் பருவமழை வழக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாக, ஜூன் 16-லேயே நாடு முழுவதையும் மூடிவிட்டது. கேதார்நாத்தில் அப்போது யாத்திரையின் உச்சக் கூட்டம். 5,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். மழையே இல்லாத ஊர் என்று பெயரெடுத்த லேயில் 2010 ஆகஸ்ட் 6 அதிகாலை கொட்டிய பேய்மழையில் இறந்தவர்கள் 200-க்கு மேல். ஆகஸ்ட் லடாக்கின் முக்கியமான சுற்றுலா மாதம்.

மழை மறைவு ஊர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. வட்டவடையில் மழை குறைவு என்று கேள்விப்பட்டு ஜூலையில் கிளம்புபவர் ஒன்றை மறந்துவிடுகிறார்: மழை குறைந்த ஊரை அடைய, மழை மிகுந்த ஊரைக் கடக்க வேண்டும். போடிமெட்டு வழியாக வந்தாலும், உடுமலை - சின்னாறு - மறையூர் வழியாக வந்தாலும், கொச்சியிலிருந்து வந்தாலும் மூணாறைத் தொட்டுத்தான் வட்டவடைக்குத் திரும்ப முடியும். போடிமெட்டுப் பாதையில் 'கேப் ரோடு' பகுதி மண்சரிவால் பலமுறை மூடப்பட்டிருக்கிறது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக நேரே வந்த பழைய மலைச்சாலை 1990-லேயே போக்குவரத்துக்கு மூடப்பட்டுவிட்டது. ஊருக்கு முன்னால் உள்ள பாம்பாடும் சோலை, கேரளத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்கா. பரப்பு சுமார் 1.3 சதுர கி.மீ. அளவில் சிறியது என்றாலும் யானைகளும் காட்டெருமைகளும் நடமாடும் காடு. வனத்துறைச் சோதனைச் சாவடியைப் பகலிலேயே தாண்டிவிடுவது நல்லது.

மாதவாரியாக வட்டவடை

ஜூன் - ஜூலை: வயல்கள் பச்சை பிடிக்கும். ஊரில் சாரல், வழியில் கனமழை. மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாட்களில் பயணத்தைத் தள்ளிவைப்பதே புத்தி.

ஆகஸ்ட் - செப்டம்பர்: படிக்கட்டு வயல்கள் மிக அழகாக இருக்கும் காலம். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் அறுவடையைக் காணலாம். ஆனால் விவசாயிக்கு மூச்சுவிட நேரமில்லாத நாட்கள் இவை. குறுகிய சாலையில் காய்கறி லாரிக்கு வழிவிடுவது விருந்தாளியின் முதல் மரியாதை.

அக்டோபர் - நவம்பர்: காலையில் தெளிந்த வானம், மாலையில் இடியுடன் மழை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் கிழக்குச் சரிவு முழுவதும் நனையும். கூட்டம் குறைவு.

டிசம்பர் - ஜனவரி: கடுங்குளிர். செண்டுவரை போன்ற மூணாறு எஸ்டேட் பகுதிகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிய ஜனவரிகள் உண்டு. புல்வெளியில் படரும் வெள்ளை உறைபனி பயணிக்குப் புகைப்படம். விவசாயிக்குக் கருகிய செடி. டிசம்பர் கடைசி வாரத்தைத் தவிர்த்தால், பொங்கலுக்குப் பிந்தைய நாட்கள் ஒரு குடும்பத்துக்கு மிகவும் ஏற்றவை.

பிப்ரவரி - மார்ச்: வறண்ட, தெளிந்த நாட்கள். வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால் இரவிகுளம் தேசியப் பூங்கா வழக்கமாக இந்த இரு மாதங்களும் மூடியிருக்கும். அதற்காகவே வருபவர்கள் ஏமாறுவார்கள். காட்டுத் தீயின் ஆபத்தும் அதிகம்.

ஏப்ரல் - மே: சமவெளி கொதிக்கும்போது இங்கே மிதமான வெயில், இடையிடையே கோடை மழை. ஓடைகளில் நீர் குறைவு. மலைச்சரிவுகளில் பரவிய 'கிராண்டிஸ்' என்கிற யூகலிப்டஸ் தோட்டங்கள் தண்ணீரை உறிஞ்சிவிடுகின்றன என்பது விவசாயிகளின் நெடுநாள் புகார். விடுதிக் குழாயில் நிறையத் தண்ணீர் எதிர்பார்க்கும் பயணிக்கும், வயலுக்குத் தண்ணீர் தேடும் விவசாயிக்கும் ஊற்று ஒன்றுதான்.

இலக்கணம் சொன்ன சீசன்

நாட்டுக்கு ஒரு சீசன் என்பது சமீபத்தில் வந்த பழக்கம். தமிழ் மரபு நிலத்துக்கு ஒரு பொழுது வைத்தது. ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பெரும்பொழுதைத் தனித்தனியே குறித்தது தொல்காப்பியம். மலையும் மலை சார்ந்த இடமுமான குறிஞ்சிக்கு அது சொன்னது கூதிரும் முன்பனியும். அதாவது ஐப்பசியிலிருந்து தை வரை. வட்டவடையின் பட்டியலைப் பார்த்தால், இலக்கணக்காரர்கள் மலையேறிப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பார்கள் என்று தோன்றும். காதலுக்குச் சொன்ன பொழுது பயணத்துக்கும் பெரிய அளவில் தவறவில்லை.

இந்தக் கணக்கை நாடு முழுவதற்கும் போடலாம். லடாக்குக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை. உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரைதான் திறந்திருக்கும். பூக்கள் மிகுவது ஜூலை, ஆகஸ்டில், மழையோடு. கட்ச் பாலைவனத்துக்கு நவம்பர் முதல் பிப்ரவரி. மத்திய இந்தியப் புலிக் காடுகளின் உட்பகுதிகள் ஜூலை முதல் செப்டம்பர் வரை மூடப்படும். குற்றாலத்துக்கோ தென்மேற்குச் சாரல்தான் சீசனே. மழை வராவிட்டால்தான் அங்கே ஏமாற்றம். ஒரே மழை ஓர் ஊருக்கு விருந்து, இன்னோர் ஊருக்கு விபத்து.

அடுத்த பூ 2030-ல்

வட்டவடைக்கு நான்காவதாக ஒரு நாட்காட்டியும் உண்டு. அதில் ஓர் ஆண்டு என்பது 12 ஆண்டுகள். நீலக்குறிஞ்சி 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் இந்த மலைகளில் பூத்தது. 2006-ல் கேரள அரசு வட்டவடை, கொட்டகாம்பூர் பகுதிகளில் 32 சதுர கி.மீ. பரப்பைக் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அறிவித்தது. பூவைக் காக்கும் எல்லைக் கோடு விவசாயிகளின் பட்டா நிலங்கள் வழியே போனதால், எது காடு, எது வயல் என்ற தகராறு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

2018-க்கு மூணாறு தயாராக இருந்தது. விடுதிகள் முன்பதிவாகின, கூட்டத்தைச் சமாளிக்கத் திட்டங்கள் தீட்டப்பட்டன. பூவும் சொன்ன சொல் தவறவில்லை. தவறியது வானம். அந்த ஆகஸ்டில் கேரளத்தை மூழ்கடித்து 400-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளத்தில் இடுக்கியின் சாலைகள் துண்டிக்கப்பட்டன. பெரியவாரைப் பாலம் இடிந்து மூணாறு - மறையூர்ப் போக்குவரத்து நின்றது. 12 ஆண்டு காத்திருந்த பூ, பார்ப்பாரின்றிப் பல சரிவுகளில் பூத்து உதிர்ந்தது. ஓணச் சந்தையும் அந்த ஆண்டு களையிழந்தது. வட்டவடைக்காரர்களுக்குப் பூவைவிட அது பெரிய நஷ்டம். இதற்கு முன்பும் வானம் இப்படி நடந்துகொண்டதுண்டு. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம், மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையையே அடித்துச் சென்றது. டாப் ஸ்டேஷனில் இன்று ரயில் நிலையம் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது.

கணக்குப்படி அடுத்த பெரும் பூப்பு 2030-ல், ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை. இடையில் பார்க்க விரும்புபவர்களுக்கு வேறு கணக்கில் பூக்கும் சரிவுகளும் உண்டு. சாந்தம்பாறைப் பக்கம் கள்ளிப்பாறையில் 2022-ல் குறிஞ்சி பூத்தது. 2030-ல் வர நினைப்பவர்கள் ஆண்டை இப்போதே குறித்துக்கொள்ளலாம். மாதத்தையும் குறித்துக்கொள்ளலாம். நாளை மட்டும், வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டுக் கடைசி வாரத்தில் முடிவு செய்வது நல்லது. முடிந்தால் ஒரு வார நாளாக இருக்கட்டும். வட்டவடைக்காரர்கள் எப்போதும் அப்படித்தான் செய்கிறார்கள்: விதைக்கும் மாதம் அவர்களுக்குத் தெரியும், விதைக்கும் நாளை வானம் பார்த்துத்தான் சொல்வார்கள்.